ரேடியோக்காரரின் ஆடுகள்

பந்திங் வட்டாரத்தில் பெட்ரோல் விலை ஏறினால் முதலில் தெரிந்துகொள்பவை ரேடியோக்காரரின் ஆடுகள்தான். மந்திரிக்கே அப்புறம்தான் தெரியும். இதை நான் வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்று நினைத்தால், சரிதான், வயிற்றெரிச்சல்தான்.

செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் அவர் கொட்டகைக்கும் என் கொட்டகைக்கும் நடுவில் ஒரு வேலி. அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. கழுத்தில் ரேடியோவைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் முன்னால் நடப்பார், ஆடுகள் பின்னால் வரும். கம்பு கிடையாது, அதட்டல் கிடையாது. காலையில் பக்திப் பாட்டு, மத்தியானம் செய்தி, சாயங்காலம் பழைய பாட்டு. பாட்டு நின்றால் ஆடுகள் மேய்ச்சலை நிறுத்திவிடும். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் என் ஆடுகள் எதிர்ப்பக்கமாகத்தான் ஓடும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு வாங்க பட்டணத்து மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவிலிருந்து வருகிற துணிக்கடை முதலாளிகள் என் வாசலில் காரை நிறுத்தி, அவர் கொட்டகைக்கு வழி கேட்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கை காட்டுவேன். என் மனைவி வேறு, "அவரு ஆட்டப் பாருங்க, மினுமினுன்னு இருக்கு. பேசாம நீங்களும் பாடுங்களேன்" என்பாள். ஒரு நாள் பாடிப் பார்த்தேன். கிடாய் முட்டிவிட்டது.

வெள்ளம் வந்த அன்று நாங்கள் பட்டணத்தில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணத்தில் இருந்தோம். சாலையெல்லாம் தண்ணீர், திரும்ப முடியவில்லை. அந்த ஆடுகளை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது. பந்தியில் உட்கார்ந்து என் மனைவி அழுதாள்.

மறுநாள் வந்து பார்த்தால், மேட்டிலிருக்கும் முனியாண்டி கோயில் மண்டபத்தில் அவர் ஆடுகளோடு என் ஆடுகளும் ரேடியோவைச் சுற்றிப் படுத்திருந்தன. இத்தனை வருஷமாக வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக் கேட்டு அவையும் பழகியிருக்கின்றன. தழை போட்டது நான், கேட்பது அவர் பேச்சை. உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. எரிச்சலும் கூடவே வந்தது.

பிறகு ஆடுமாடு வளர்ப்பவர்களுக்கு அரசாங்கம் அவசர உதவி அறிவித்தது. கால்நடை இலாகா அதிகாரி வந்து பார்த்தார். செத்த ஆட்டுக்குத்தான் பணமாம். என் கொட்டகை போயிருந்தது, தீவனம் போயிருந்தது. ஆடு ஒன்றும் சாகாததால் எனக்கு ஒரு வெள்ளியும் கிடையாது. ரேடியோக்காரருக்கோ சினையாடுகள் செத்ததற்குப் பணம் வந்தது. நஷ்டப்படுவதில்கூட மனுஷன் என்னை முந்த வேண்டுமா? கொஞ்ச நாள் அவரிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசியில் பொறுக்க முடியாமல் வேலியோரம் போய்க் கேட்டேன். "ஏண்ணே, என் ஆட்டையெல்லாம் கொண்டுபோன நீங்க, உங்க சினையாட்ட எப்படி விட்டீங்க?"

அவர் ரேடியோ சத்தத்தைக் குறைத்தார். "மத்ததெல்லாம் எம் பின்னாலயே வந்துடுச்சு லா. சினையாடுங்கள பின்னாடி தனியா கட்டியிருந்தேன். அதுங்களும் கத்துச்சு, ஒன் கொட்டாயிலயும் கத்துச்சு. நீ ஊர்ல இல்ல. ஒன்னோடத மொதல்ல அவுத்தேன். திரும்பி வரதுக்குள்ள தண்ணி ஏறிடுச்சு."

அவர் உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்து வேலிக்கு மேலே நீட்டினார். புது ரேடியோ.

"கவர்மெண்டு காசு வந்துச்சு. ஒன் ஆடுங்க பாட்டு இல்லாம சரியா திங்க மாட்டேங்குதுன்னு ஒன் வீட்டுத் தங்கச்சி சொல்லுச்சு. பிடி."

இப்போது சாயங்காலமானால் இரண்டு கொட்டகையிலும் ஒரே பாட்டு. அவருடைய ரேடியோதான் இன்னமும் கணீரென்று கேட்கிறது, அதில் எனக்குப் பொறாமைதான். ஆனால் ஒரு நாள் அது கேட்காமல் போனால், ஆடுகளுக்கு முன்னால் நான்தான் வேலியைத் தாண்டி ஓடுவேன்.