மாமனாருக்காக நான் கிழித்த எல்லைக்கோடு

மாமனாருக்கு நல்லது செய்யக் கிளம்பும் மருமகனைத் தூணில் கட்டிப்போடுவது நல்லது. என்னை யாரும் கட்டிப்போடவில்லை.

மாமனாருக்குத் தேவாலா பக்கம் டீ எஸ்டேட்டில் வேலை. ரிட்டயராகி, எஸ்டேட்டின் வரிசைக் குடியிருப்பில் இருந்த லைன் வீட்டைக் காலி செய்வதற்குள் ஒருமுறையாவது மாரியம்மன் திருவிழாக் கமிட்டித் தலைவராகி, தலையில் எப்போதும் இருக்கும் கம்பளிக் குல்லாவைக் கழற்றிவிட்டுப் பரிவட்டம் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. எஸ்டேட்டை ஐந்து பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பார்கள். மூன்று பகுதி யாருக்குக் கிடைக்கிறதோ அந்த அணிக்காரர்தான் தலைவர்.

அந்த வருடம் புது வீடுகள் வந்ததால் எல்லையை மாற்ற வேண்டியிருந்தது. "மாப்பிள்ளைக்குக் கோயமுத்தூர்ல மேப் போடுற வேலைங்களாமா. அவரே நடுநிலையாப் பிரிச்சுக் குடுக்கட்டும்" என்று எல்லோரும் என்னை நம்பினார்கள். (அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நான் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தேன்.)

நடுநிலையாவது ஒன்றாவது. மாமா வீட்டுக்குப் பக்கத்து லைன்களெல்லாம் நம் ஓட்டு, ஃபேக்டரிக்குக் கீழே இருப்பவை எதிரணி ஓட்டு என்று நானே முடிவுகட்டினேன். கீழ் லைன்களை மொத்தமாக இரண்டு பகுதிக்குள் அடைத்தேன். பக்கத்து லைன்களை மீதி மூன்றுக்கும் பங்கு போட்டேன். எதிரணிக்கு இரண்டு, நமக்கு மூன்று என்பது என் கணக்கு. ஓர் எல்லை மாட்டுக்கொட்டகையைச் சுற்றி வயிற்றுவலிக்காரன் மாதிரி நெளிந்தது. "தண்ணி போற வாட்டத்துல போகுதுங்க" என்று சமாளித்தேன்.

கீழ் லைன் பகுதிகள் இரண்டிலும் மாமா அணி அள்ளியது. மற்ற மூன்றிலும் மண்ணைக் கவ்வியது. மொத்தத்தில் மாமா பக்கம்தான் ஓட்டு அதிகம், தலைவரோ எதிரணிக்காரர்.

"ஏனுங்க, பக்கத்து லைன்காரங்க எப்படிங்க எங்கப்பாவுக்குப் போடுவாங்க?" என்றாள் மனைவி. "தெனமும் எங்கம்மாகூடக் குழாயடியில சண்டைக்கு நிக்கறவங்க அவங்கதானுங்களே. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க?" (அத்தையின் குடம்தான் தினமும் முதல் குடம். அதெல்லாம் மேப்பில் தெரியாது.)

மாமாவிடம் உண்மையைச் சொன்னேன். "சும்மா பழைய மாதிரியே பிரிச்சிருந்தா ஜெயிச்சிருப்பமுங்களே மாப்ள" என்றார். திருவிழாவன்று மழை. பரிவட்டம் கட்டிய புதுத் தலைவருக்கு அவர்தான் குடை பிடித்தார். நான் வெட்கத்தில் பந்தல்காலுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

இப்போதும் என் மகள் பிறந்தநாளுக்குக் கேக் வந்தால் அத்தை சொல்லிவிடுவார்: "கத்திய உங்கப்பா கையில குடுத்தராத கண்ணு. அவரு நமக்குன்னு பிரிச்சா அடுத்த ஊட்டுக்குத்தான் போகும்."

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவர் மாமாதான். ரிட்டயராகி வருடங்களாகிவிட்டன. தலையில் அதே பழைய கம்பளிக் குல்லா.