சிவப்பு லாந்தரும் ஜூன் மாதக் கியரும்

புதன்கிழமை காலை ஓமேர் தன் ரேஸ் சைக்கிளின் கியர் லீவரை உள்ளே தள்ளினார். மாமியார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை மாதிரி அது போன இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. விரலால் கெஞ்சி வெளியே இழுத்தார். வந்தது. மறுபடி தள்ளினார். மறுபடி உட்கார்ந்தது.

"லிவினா! மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு!"

"எது?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"கியர்! ஞாயித்துக்கிழமை பந்தயம், புதன்கிழமை கியர் ஒட்டுது. வருஷா வருஷம் ஜூன் மாசம் இதே கூத்து!"

"பாவம்" என்றாள் லிவினா. யார் பாவம் என்று சொல்லவில்லை.

எங்கள் சைக்கிள் கிளப்பில் இருபத்திரண்டு பேர். ஜூன் கடைசி ஞாயிறு, தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் கல் பாவிய மேட்டில் ஏறுவோம். முதலில் வருபவருக்கு ஒரு பியர். கடைசியில் வருபவருக்கு ஒரு சிவப்பு லாந்தர். அதை அவர் ஒரு வருஷம் தன் வாசலில் தொங்கவிட்டு, தினமும் சாயங்காலம் ஏற்ற வேண்டும். எண்ணெய் கிளப் செலவு. எரிகிறதா என்று செயலாளர் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

ஆறு வருஷமாக அது ஓமேர் வாசலில் எரிகிறது. முதல் வருஷம் நேர்மையாகவே கடைசியில் வந்தார். மற்ற ஐந்துக்கும் கியர்தான் காரணம். பந்தயம் முடிந்து சைக்கிளைக் குழாயடியில் கழுவி வைத்தால் தானாகவே சரியாகிவிடும். அடுத்த ஜூனில்தான் மறுபடி ஒட்டும்.

ஆறு வருஷமாக இருபத்தொன்றாவதாக வருபவன் நான். எனவே ஓமேரின் சைக்கிள் மீது எனக்கும் ஒரு கண் உண்டு. அடிக்கடி போய் நலம் விசாரிப்பேன்.

ஓமேருக்கு வேலை, வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பது. கதவைத் திறப்பவர்கள் உள்ளே திரும்பி, "லாந்தர்க்காரர் வந்திருக்கார்" என்றுதான் சொல்வார்கள். ஆகஸ்டில் ஓய்வு பெறுகிறார். அலுவலகத்தில் லாந்தர் வடிவத்தில் கேக் சொல்லியிருப்பதாகக் கேள்வி.

"அந்தக் கேக்கை வெட்ட மாட்டேன்" என்றார் என்னிடம். "இந்த வருஷம் கடைசியா வர மாட்டேன். சத்தியம்."

"நிச்சயமா" என்றேன். மனசாட்சி கொஞ்சம் குத்தியது.

சைக்கிள் கடைக்குப் போகலாம். ஆனால் கடைக்காரரும் எங்கள் கிளப்தான். இருபதாவதாக வருபவர். பந்தய வாரத்தில் அவர் கடையைத் திறப்பதில்லை.

எனவே ஓமேர் தன் மச்சான் ஃபிர்மனுக்குப் போன் செய்தார். லிவினாவின் அண்ணன். டிராக்டர் ரிப்பேர் செய்பவர்.

"எண்ணெய் அடி மாப்ளே. ஒட்டுற எதுக்கும் எண்ணெய்தான்."

கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெயை ஓமேர் லீவருக்குள் அரை டப்பா அடித்தார். அதற்கு முன் லீவர் போய்த் திரும்பாமல் இருந்தது. இப்போது போகவும் மறுத்தது.

"அப்போ கேபிள்தான் மாப்ளே. மாத்திடு."

வியாழக்கிழமை கேபிளை மாற்றினார். செயின் பின்சக்கரத்தின் மிகச் சிறிய பல்சக்கரத்தில் போய் விழுந்து அங்கேயே குடியேறியது. அதாவது, சமதரையில் பறப்பதற்கான கியர். அதைப் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறுவது, பியானோவை முதுகில் கட்டிக்கொண்டு மாடி ஏறுவதற்குச் சமம்.

லிவினா ரொட்டியில் பேரிக்காய்ப் பாகு தடவிக் கொண்டுவந்து கொடுத்தாள். எதிர்வீட்டு அல்மா காய்ச்சிய பாகு. கையெல்லாம் பிசுபிசுக்கத் தின்றுகொண்டே ஓமேர் வேலை செய்தார். கைப்பிடியைச் சுற்றி நாலைந்து குளவிகள் ரீங்காரமிட்டன.

"சாப்பிட்டுட்டு கை கழுவாம தொட்டா குளவி வராதா?" என்றாள் லிவினா.

நியாயம்தான் என்று ஓமேர் கையை மட்டும் கழுவினார்.

வெள்ளிக்கிழமை லீவரையே கழற்றினார். கழற்றியதைத் திரும்ப மாட்டினார். மாட்டி முடித்தபோது கையில் ஒரு வாஷர் மிச்சம். லீவரைப் பார்த்தார். எதையோ இழந்த மாதிரி அது தெரியவில்லை. வாஷரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை அல்மா எட்டிப் பார்த்தாள். "என்ன ஓமேர், சரியாச்சா?"

"இல்ல."

"ஐயோ" என்றாள் அல்மா, வருத்தமே இல்லாமல். பிறகு லிவினா பக்கம் திரும்பி, "நாளைக்கு மழையாம்டி. ரேடியோல சொன்னான்" என்றாள். இதில் மட்டும் உண்மையான வருத்தம் இருந்தது.

"மழை பெஞ்சா உனக்கென்ன, நானில்ல நனையப் போறேன்?" என்றார் ஓமேர்.

இரண்டு பெண்களும் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

மழையில்லாத ஞாயிறு எங்கள் ஃப்ளாண்டர்ஸ் வட்டாரத்தில் அதிசயம். அந்த அதிசயம் ஆறு வருஷமாகப் பந்தயத்தன்று தவறாமல் நடந்திருந்தது. ஏழாவது வருஷம் வானம் தன் இயல்புக்குத் திரும்பியது. விசில் ஊதுவதற்கு அரை மணி முன்பே கொட்டத் தொடங்கியது.

முதல் நூறு மீட்டரில் ஓமேர் எனக்குப் பின்னால்தான் இருந்தார். அவர் முழங்கால்கள் மரக்கதவு மாதிரி முனகுவது மழையையும் மீறிக் கேட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

முதல் வளைவில் பின்னால் 'க்ளிக்' என்று ஒரு சத்தம்.

பிறகு இன்னொன்று.

பிறகு 'க்ளிக் க்ளிக் க்ளிக்'. எல்லாக் கியரும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்தன. ஓமேர் சின்னப் பையன் மாதிரிக் கூவிக்கொண்டு என்னைத் தாண்டினார். கடைக்காரரையும் தாண்டினார். கையுறையால் மீசையைத் துடைத்தபோது உதட்டில் பட்ட மழைநீர் இனித்ததாம். வெற்றி இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டாராம். இதைப் பிறகு கிளப்பில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

பதினேழாவதாக வந்தார். மேட்டின் உச்சியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதைப் பார்த்ததும் எனக்குமே கண் கலங்கியது. கலங்கியதற்கு வேறு காரணமும் இருந்தது. கடைசியில் வந்தது யார் என்று இங்கே விளக்க வேண்டியதில்லை.

பழையவர் தன் வாசலிலிருந்து லாந்தரைக் கழற்றிப் புதியவர் கையில் கொடுக்க வேண்டும் என்பது கிளப் வழக்கம். எனவே சாயங்காலம் ஓமேர் வீட்டு வாசலில் ஈரச் சட்டையோடு நின்றேன். லிவினா கதவோரம் நின்றாள். எதிர்வீட்டிலிருந்து அல்மாவும் குடையோடு வந்துவிட்டாள்.

ஓமேர் லாந்தரைக் கழற்றி என்னிடம் நீட்டினார். வாசல் இருட்டானது.

"வருத்தப்படாதே" என்று என் தோளில் தட்டினார். "பழகிடும்."

பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். "ஆறு வருஷமா லாந்தர் இருக்குன்னு விட்டுட்டேன் லிவினா. நாளைக்கே வாசலுக்கு நல்ல மின்விளக்கு மாட்டிடறேன். ஆள் எதுக்கு? நானே ஒயர் இழுத்துடறேன்."

லிவினா கதவைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வருஷத்துக்கு முன் ஓமேர் கடைசியாக வாசல் விளக்கைத் தொட்டது எங்கள் தெருவில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பதினோரு வீடு இரண்டு நாள் இருட்டில் கிடந்தது. அல்மாவின் மின்னடுப்பில் முயல் பாதி வெந்தும் பாதி வேகாமலும் நின்றுபோனது.

அல்மா குடையை மடக்கினாள். லிவினாவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடி! மழை வருது, இந்த வருஷம் பாகு தாங்காது, பசையை ஊத்துன்னு!"