இமயமலை வாசனை

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரரிடம் "தாழங்கரை" என்றால் போதும், "சாமியாரா? ஏறுங்க" என்பார். போன மாதம் கேட்டிருந்தால், அது எந்தப் பக்கம் என்று நம்மையே திருப்பிக் கேட்டிருப்பார்.

ஊரில் வாந்தி பேதி. அதுவும் கீழத்தெருவில் மட்டும். மேலத்தெருக்காரர்களுக்கு ஓர் ஏப்பம்கூடத் தப்பி வரவில்லை. கீழத்தெருவுக்குச் சாபம் என்று கண்டுபிடித்தவர் படிகச் சித்தர். பன்னிரண்டு வருஷம் இமயமலைப் பனிக்குள் உட்கார்ந்திருந்தாராம். சளிகூடப் பிடிக்கவில்லையாம். கொட்டகை போட்டு, பாட்டில் நூறு ரூபாய் என்று தீர்த்தம் விற்றார். மூடியைத் திறந்தால் மூக்கில் சுர்ரென்று ஏறும். "இமயமலை வாசனை" என்றார். பக்தர்களுக்குக் கண் கலங்கியது. பக்தியால் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், தீர்த்தம் வேலை செய்தது. அதை மட்டுமே குடித்த வீடுகளில் யாரும் படுக்கவில்லை. வாங்க வக்கில்லாதவர்கள்தான் படுத்தார்கள். செல்லாயி கடைசியில் மகளின் கொலுசைக் கழற்றிச் சித்தர் தட்டில் போட்டு ஒரு பாட்டில் வாங்கினாள். அதற்குள் எட்டு வயதுப் பிள்ளை துவண்டுவிட்டது.

வீடு வீடாகக் குடிநீர் சோதிக்க வரும் சுகாதாரப் பணியாளர் ஷஹனாஸ், பிள்ளையைப் பார்த்ததும் ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள்.

"தீர்த்தம் குடுத்திருக்கேம்மா. ஆஸ்பத்திரிக்குப் போனா பலிக்காதுன்னு சொன்னாரு."

"நோவு வந்த ஒடம்புக்கு அது மருந்தில்லக்கா. நீங்க புள்ளய ஏத்துங்க. பலிக்குதா இல்லையான்னு நான் போய்க் கேட்டுக்கறேன்."

பாட்டிலை முகர்ந்து பார்த்துக்கொண்டே கொட்டகைக்குப் போனாள்.

"சாமி, இந்த வாசனை எங்க ஆபீஸ்லயும் அடிக்குது."

"எப்பம்மா?"

"கக்கூஸ் கழுவுற அன்னிக்கு."

முன்வரிசைப் பக்தர் சாமிக்கண்ணுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இதக் குடிச்சவன் எவனும் படுக்கலையேம்மா."

"நல்ல தண்ணிதான் மாமா. ஏன் நல்ல தண்ணின்னு பாத்துருவோம்."

பையிலிருந்து மூன்று கண்ணாடிக் குழாய்களை எடுத்து வரிசையாக வைத்தாள். ஒன்றில் அன்று காலை பிடித்து வந்த கீழத்தெருத் தண்ணீர், ஒன்றில் மேலத்தெருத் தண்ணீர், ஒன்றில் தீர்த்தம். ஒவ்வொன்றிலும் ஒரே சோதனை மருந்தைச் சொட்டினாள். மேலத்தெரு மஞ்சளானது. தீர்த்தமும் மஞ்சளானது. கீழத்தெருத் தண்ணீர் அப்படியே நின்றது.

"பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணி மஞ்சளாவும். மேலத்தெருத் தொட்டியில போட்டிருக்காங்க. சாமி பாட்டில்ல போட்டிருக்காங்க. ஒங்க தொட்டியில மட்டும் போடல."

"அது தங்க நெறம்மா. என் அருள்" என்றார் சித்தர்.

"அப்ப மேலத்தெருக் கொழாயில மட்டும் அருள் ஓசியில வருதா சாமி?"

கீழத்தெருப் பெண்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சித்தருக்குப் பின்னாலிருந்த திரையை இழுத்தார்கள். உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டைகள். ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில்: 'கீழத்தெருக் குடிநீர்த் தொட்டிக்கு.'

தொட்டியில் பவுடர் போட வேண்டிய ஆபரேட்டர் கார்த்திகேசன், கூட்டத்தில் நின்றவன், தன்னை மறந்து சித்தரைப் பார்த்துக் கத்திவிட்டான். "சாக்க மாத்துடான்னு அன்னிக்கே சொன்னேனேடா மச்சான்."

இமயமலைக்காரருக்குத் தாழங்கரையில் மச்சான். சொந்தப் பெயர் சுப்பராயலுவாம். போலீஸ் வேனில் ஏறும்போது அவருக்கு நன்றாகவே சளி பிடித்திருந்தது.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் கீழத்தெருப் பெண்கள் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. தினமும் காலையில் இரண்டு தொட்டித் தண்ணீரையும் தெருக்காரர்கள் முன்னால் சோதித்துப் பலகையில் எழுத வேண்டும் என்று தீர்மானம் போட்ட பிறகுதான் எழுந்தார்கள். செல்லாயியின் மகளும் அங்கே இருந்தாள். பிழைத்து வந்திருந்தாள், காலில் கொலுசோடு.

வெளியே வந்த சாமிக்கண்ணு, ஷஹனாஸின் சொட்டு மருந்தைப் பார்த்துக் கைகூப்பினார். "இத வீட்ல வச்சுக் கும்புடலாமாம்மா?"

"கும்புடாதீங்க மாமா. காலைல தொட்டிகிட்ட வந்து, பவுடர் போட்டியான்னு கேளுங்க. அது போதும்."

அந்த வாசனை முதல் நாளே எல்லோர் மூக்கிலும் ஏறியது. மூளைக்குப் போய்ச் சேரத்தான் ஒரு மாதம் பிடித்தது. அடுத்த முறை கொஞ்சம் சீக்கிரம் யோசியுங்கள், மக்களே. பேதி அவ்வளவு நாள் காத்திருக்காது.