நாலாம் பக்கத்தில் பேட்டன்ட்

ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த தமிழர்களில், யாரும் கேட்காத கதையைச் சொல்வதையே முழுநேர வேலையாக வைத்திருந்தவர் பேட்டன்ட் அண்ணை ஒருவர்தான். ஹம் நகர ரயில் நிலையத்தில் அவர் தலை தெரிந்தால், ரயில் போனாலும் பரவாயில்லை என்று எங்கள் சனம் மறுபக்கப் பிளாட்பாரத்துக்கு ஓடும்.

கதவுத் தொழிற்சாலையில் வேலை செய்த மனிசன், மிச்ச நேரத்தில் தமிழ் தட்டச்சுக்கு ஒரு மென்பொருள் எழுதி, தமிழ்ப் பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் இலவசமாகக் கொடுத்திருந்தார். அது வாரத்தில் இரண்டு நாள் ஒழுங்காக வேலை செய்யும்.

அப்போதுதான் மென்பொருளுக்கும் பேட்டன்ட், அதாவது காப்புரிமை, கொடுக்கும் சட்டம் ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கு வந்தது. இரண்டு விசையை அடித்து ஓர் எழுத்தை வரவைப்பது தன் யோசனை என்று ஏதாவது பெரிய கம்பனி பதிந்துவிட்டால், தன் பத்து வருட உழைப்பு குப்பைக்குத்தான் என்று அண்ணை பதறினார்.

"உங்கட சாமானைத் தேடி எந்தக் கம்பனி அண்ணை வரப்போகுது?" என்றேன்.

"உமக்கு விளங்காது. பாராளுமன்ற ஆக்களுக்குக் கடிதம் போடுவம். நீர் டொச்சிலை மாத்தித் தாரும்."

நான் ஜெர்மன் மொழிக்கு மாற்றுவதற்காக நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். முதல் பக்கத்தில் தன் ஊரான பாசையூரில் பிறக்கிறார். இரண்டாம் பக்கத்தில் வீட்டில் ஷெல் விழுகிறது. மூன்றாம் பக்கத்தில் வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்று காசு வாங்கிய ஏஜென்ட் ஏமாற்றுகிறான். நாலாம் பக்கத்தின் அடியில்தான், ஆகவே பேட்டன்ட் சட்டத்தை நிராகரிக்கும்படி தாழ்மையாகக் கேட்கிறார். எங்கள் ஆட்களுக்கு அகதி விண்ணப்பத்தைத் தவிர வேறு கடிதம் எழுதத் தெரியாது. காஸ் பில் கூடி வந்தாலும் ஷெல் விழுந்ததில் இருந்துதான் தொடங்குவோம்.

"முதல் மூண்டு பக்கத்தையும் வெட்டுவம் அண்ணை."

"ஏலாது! ஒரு விபரம் விட்டாலும் பொய் எண்டு நினைப்பாங்கள்."

நாலு பக்கத்தையும் அப்படியே மாற்றி அனுப்பினோம். ஒரேயொரு உறுப்பினரின் அலுவலகம் பதில் போட்டது. வெளிநாட்டவர் விவகாரத்துக்கு நகரசபைக்குப் போகவும் என்று இரண்டு வரி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணையோ பதில் வந்ததே வெற்றி என்று அந்த அலுவலகத்திலேயே நேரில் சந்திக்க டெர்மின் எடுத்து, மொழிபெயர்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

உறுப்பினரின் உதவியாளர் ஒரு பெண். பத்து நிமிடம்தான் தந்தார். அண்ணை பாசையூரில் தொடங்கினார். ஒன்பதாம் நிமிடம் ஏஜென்டிடம் நின்றார். நான் மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். அந்தப் பெண் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "சட்டம் பற்றி ஏதாவது?" என்று கேட்டார்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். "தம்பி, அவவுக்குச் சொல்லும். இந்த நாட்டிட்டை நான் ஒருக்காத்தான் ஒண்டு கேட்டனான். இப்பிடித்தான் கேட்டனான். நம்பித் தந்தவங்கள். வேறை மாதிரிக் கேக்க எனக்குத் தெரியாது."

நான் அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் மணிக்கூட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு நாலாம் பக்கத்தையும் முழுதாகக் கேட்டார். உறுப்பினரிடம் அதைச் சொன்னாரோ இல்லையோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

இரண்டாயிரத்து ஐந்தில் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. நாடு நாடாக எத்தனையோ கணினிக்காரர் வருடக்கணக்காகக் கத்திப் பெற்ற வெற்றி அது. அண்ணை என் வேலையிடத்துக்கே போன் அடித்தார்.

"தம்பி, வெண்டிட்டம்! எங்கட கடிதம் வேலை செய்திட்டுது!"

நக்கலாகச் சொல்ல என்னிடம் பத்துப் பதில் இருந்தது.

"ஓம் அண்ணை," என்றேன். எங்கட கடிதம் என்று என்னையும் சேர்த்துச் சொன்னாரே, அந்தச் சந்தோஷத்தில் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.