ஒரே பென் டிரைவில் நாலு டாக்டர்

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு வைகுண்டராஜ் கம்ப்யூட்டர் பட்டனை மூன்றாவது தடவையாக அமுக்கினான். திரை மூன்றாவது தடவையாகவும் கறுப்பாக நின்றது. மேல் ஓரத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு வரி ஆங்கிலம். எழுந்திருக்க எனக்குள்ளே ஒன்றுமில்லை, ஆளை விடு என்பதுதான் அதன் சாரம்.

இராஜபாளையத்திலிருந்து சேத்தூர் போகிற ரோட்டில் பீர் முகமதுவின் பேண்டேஜ் கம்பெனி இருக்கிறது. அங்கே ஆபீஸ் என்றால் வைகுண்டராஜ்தான். பில், லேபிள், ஒவ்வொரு லாட் துணிக்கும் எடுக்கிற டெஸ்ட் ரிப்போர்ட், எல்லாம் அவன் கைக்குள்ளே, அந்த ஒரே பெட்டிக்குள்ளே. மறுநாள் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு லைசென்ஸ் புதுப்பிக்க அதிகாரி வருகிறார். மூன்று வருஷத்து ரிப்போர்ட்டை அவர் முன்னால் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் லைசென்ஸ் நின்றுபோகும், கட்டிங்கிலும் பேக்கிங்கிலும் இருக்கிற நாற்பது பெண்கள் வீட்டில் உட்கார வேண்டியதுதான். இதை முதலாளி போன வாரம் அவனிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜைக்கு முன்னால் நன்றாக ஓடிய கம்ப்யூட்டர். நாலு நாள் லீவில் அதற்கு என்ன வந்தது என்று அவன் பெட்டியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். நெற்றி நிறைய சந்தனம், குங்குமம். பூஜையன்று வெட்டுகிற மெஷின், எடை மெஷின், தையல் மெஷின் என்று ஒன்று விடாமல் துடைத்துப் பொட்டு வைக்கிறபோது ஆபீஸ் பெட்டியையும் தூக்கிக்கொண்டுபோய் வரிசையில் வைத்திருந்தார்கள். பூஜை முடிந்ததும் லோடு ஏற்றுகிற மாரிச்சாமி பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்தார். வருஷா வருஷம் நடப்பதுதான். முதலாளி பொரிகடலைக்கும் லட்டுக்கும் பணம் கொடுத்துவிட்டு வாசலோடு நின்றுகொள்வார், மற்றது எல்லாம் பெண்கள் ராஜ்ஜியம். பென் டிரைவ் சொருகுகிற ஓட்டையில்கூட சந்தனம் அடைத்திருந்தது. வைகுண்டராஜுக்கு நோய் புரிந்துவிட்டது. சந்தனம் உள்ளே இறங்கிவிட்டது, வேறென்ன.

அந்த நேரம் பார்த்து முதலாளி போன் பண்ணி, ரிப்போர்ட்டை எல்லாம் சாயங்காலத்துக்குள் பிரிண்ட் எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டார். அப்டேட் ஓடுகிறது, செத்த நேரத்தில் முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டான். அன்றைய முதல் பொய் அது. கூசாமல் வந்தது.

உடனே ஸ்ரீவில்லிபுத்தூரில் சர்வீஸ் கடை வைத்திருக்கிற சூர்யபிரகாஷுக்குப் போன் போட்டான். பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவன். அவன் வாடிக்கையாளரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு ஒரு லேப்டாப்பைப் பிரித்துப் போட்டிருந்தான், சாயங்காலம்தான் வர முடியும் என்றான். அதுவரைக்கும் சும்மா இருக்காதே, நீயே ஒரு மல்டிபூட் பென் டிரைவ் செய் என்று வழி சொன்னான்.

"ஒரே பென் டிரைவுல நாலு டாக்டர் உக்காந்திருக்க மாதிரில. ஒண்ணு விண்டோஸ் போடும், ஒண்ணு டிஸ்க்கப் பாக்கும், ஒண்ணு வைரஸப் பிடிக்கும், ஒண்ணு உள்ள கெடக்குற பைல வெளிய எடுத்துக் குடுத்துரும். பெட்டி தூங்குனாலும் பென் டிரைவு எழுப்பிரும்."

இதைக் கேட்டதும் வைகுண்டராஜுக்கு உற்சாகம் வந்துவிட்டது. சாவிக்கொத்திலேயே ஒரு பென் டிரைவ் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற பிரவுசிங் சென்டருக்குப் போனான். சூர்யபிரகாஷ் அனுப்பிய லிங்க்கை எல்லாம் ஒவ்வொன்றாக இறக்கினான். பென் டிரைவைத் தயார் பண்ணுகிற மென்பொருள், இதிலிருக்கிற எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று சிவப்பு எழுத்தில் கேட்டது. சம்மதம் என்றான். நிஜமாகத்தான் சொல்கிறாயா என்று மறுபடி கேட்டது. அதற்கும் சம்மதம் என்றான். பதினோரு வருஷமாக பில் போடுகிற மென்பொருளில் எது கேட்டாலும் படிக்காமல் சம்மதம் சொல்லிப் பழகிய கை அது.

நாலு டாக்டர்களும் ஏறி உட்கார ஒன்றரை மணி நேரம் ஆனது. பதினாலு ஜிபி. அவன் ரோஸ்மில்க் குடித்துக்கொண்டு காத்திருந்தான். பாதியில் முதலாளி மறுபடி கூப்பிட்டார்.

"அப்டேட்டு முடியலன்னாலும் கவலையில்லப்பா. நீதான் வாராவாரம் பென் டிரைவுல காப்பி எடுத்து வைக்கியே. அதிகாரிகிட்டயும் அதத்தான் சொல்லியிருக்கேன். பெட்டி போனாலும் எங்க வைகுண்டம் கையில காப்பி இருக்கும்னு."

"இருக்கு மொதலாளி" என்று சொல்லிவிட்டு வைகுண்டராஜ் போனை வைத்தான். வைத்த பிறகுதான் அந்தக் காப்பி எந்தப் பென் டிரைவில் இருந்தது என்று நினைத்துப் பார்த்தான். சாவிக்கொத்தைத் தடவினான். சாவி இருந்தது. மற்றது எதிரே கம்ப்யூட்டரில் சொருகியபடி பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது.

சென்டருக்கு வெளியே வந்து சூர்யபிரகாஷைப் பிடித்தான். அழிந்தது போனால் என்ன, மீட்டுவிடலாம் என்று அவன் தைரியம் சொன்னான். ஒரே ஒரு நிபந்தனை, அழித்த பிறகு அதன் மேல் வேறு எதையும் எழுதியிருக்கக் கூடாது.

"எழுதலையேல?"

"நீ சொன்ன நாலு டாக்டரையும் ஏத்திட்டேனேடே."

சரி, பெட்டிக்குள் இருப்பதையாவது பார், நாலுமணி வாக்கில் வந்துவிடுகிறேன் என்று சொல்லி சூர்யபிரகாஷ் வைத்துவிட்டான்.

ஆபீசுக்குத் திரும்பி, ஊக்கை வைத்து ஓட்டையிலிருந்த சந்தனத்தைக் குடைந்தான். காய்ந்த சந்தனம் சிமெண்டாக இறுகியிருந்தது. கொஞ்சம் அழுத்திக் குடைந்ததில் சந்தனத்தோடு உள்ளேயிருந்த பிளாஸ்டிக் நாக்கும் சேர்ந்து வந்துவிட்டது. பக்கத்து ஓட்டையையும் அதே ஊக்கால் அதே கதிக்கு ஆக்கினான். நல்ல வேளையாகப் பின்பக்கம் நாலு ஓட்டை இருந்தன, பொட்டு வைத்த கை அதுவரை போகவில்லை. அங்கே சொருகி, எந்தப் பட்டன் என்று ஞாபகம் இல்லாமல் கீபோர்டின் மேல் வரிசை முழுவதையும் பத்து விரலாலும் தட்டினான். ஐந்தாவது முயற்சியில் நீலத் திரையில் நாலு பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. தன் கையால் செய்தது வேலை செய்கிறதே என்று அந்த நிலையிலும் அவனுக்குச் சந்தோஷம்தான். செல்போனில் ஒரு படம்கூட எடுத்துக்கொண்டான்.

நாலு டாக்டரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்தான். விண்டோஸ் போடுகிற டாக்டர், போடுவதற்கு இடமே இல்லை என்றார். டிஸ்க்கைப் பார்க்கிற டாக்டர், எந்த டிஸ்க்கை என்று கேட்டார். வைரஸ் டாக்டர் இல்லாத இடத்தைச் சோதித்து, பரிசுத்தம் என்று சான்றிதழ் கொடுத்தார். பைலை எடுத்துக் கொடுப்பதாகச் சொன்னவர் பேசவே இல்லை.

நாலரைக்கு சூர்யபிரகாஷ் வந்து சேர்ந்தான். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து விரற்கடை உயரத்துக்குத் தூசி. டிஸ்க்கில் காதை வைத்தான். டக், டக் என்று தட்டுகிற சத்தம். உதட்டைப் பிதுக்கினான்.

"போயிருச்சுல. மெட்ராஸ்ல ஒரு கம்பெனி இருக்கு, அவிய பிரிச்சுப் பாப்பாவ. வந்தாலும் வரும், ஒரு மாசம் ஆவும். வராமலும் போவும்."

பூஜைக்கு முந்தின நாள் வரைக்கும் நன்றாக ஓடிய பெட்டி என்று வைகுண்டராஜ் திரும்பத் திரும்பச் சொன்னான். டிஸ்க் போவதற்கு நாள் நட்சத்திரம் பார்க்காது என்று சூர்யபிரகாஷ் சமாதானம் சொன்னான். டீ வாங்கிக் கொடுத்து, நேராகப் போய் முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிடு, நாளைக்கு அதிகாரி முன்னால் அவர் திருதிருவென்று முழிக்கிற மாதிரி வைக்காதே என்று அறிவுரையும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

பேக்கிங் பகுதியைத் தாண்டித்தான் முதலாளி அறைக்குப் போக வேண்டும். சுற்றிய பேண்டேஜை உறையில் போட்டுக்கொண்டிருந்த பெண்கள், என்ன சார் மூஞ்சி வாடிக் கெடக்கு என்று கேட்டார்கள். இந்த மாதத்தோடு இவர்களுக்கு வேலை இல்லை, அதற்குக் காரணம் நான் என்று நினைத்துக்கொண்டே அவன் முதலாளி அறைப் பக்கம் நடந்தான்.

பீர் முகமது அவனை உட்காரச் சொன்னார். அவன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினான். அப்டேட் என்று சொன்னது பொய். காப்பி இருக்கிறது என்று சொன்னதும் பொய், அதைத் தன் கையாலேயே இரண்டு தடவை சம்மதம் சொல்லி அழித்தான். பெட்டியும் போய்விட்டது. தன்னை வேலையிலிருந்து நிறுத்தினாலும் வாய் திறக்க மாட்டேன் என்றும் சொன்னான். சொல்கிறபோதே கண் கலங்கிவிட்டது.

பீர் முகமது கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வைகுண்டராஜுக்குத் தோன்றியது. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவன் முன்னாலேயே அதிகாரிக்குப் போன் போட்டார். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது, காப்பியும் இல்லை, மூன்று வருஷத்து ரிப்போர்ட்டில் ஒன்றுகூடத் தன்னிடம் இல்லை, ஒரு மாதம் தவணை வேண்டும் என்று மறைக்காமல் சொன்னார். அதிகாரி அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு இப்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார், விசாரணைக்கு ஆள் வரும் என்றும் சொன்னார். கம்பெனி லெட்டர்பேடில் முதலாளி எழுதினார். வைகுண்டராஜ் அதைப் படம் எடுத்து அனுப்பினான். இரண்டு நீல டிக்கும் விழுந்தன.

"உண்மையச் சொல்லிட்டோம். பொறவு ஆண்டவன் விட்ட வழி. நீ போயி மொகத்தக் கழுவு" என்றார் பீர் முகமது.

அவன் ஆபீசுக்கு வந்தபோது, கூட்டிப் பெருக்குகிற முத்துப்பேச்சி விளக்குமாற்றோடு மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தகடு கழன்று கிடந்த பெட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு அவனைக் கேட்டாள்.

"ஏன் சார், சோடியா வாங்குன ரெண்டு பெட்டியில போன வருசமே கெட்டுப்போச்சுன்னு நீங்க ஓரங்கட்டுனது இதுதான, பூசைக்கு ரெண்டையும்தான வச்சோம், இதப் போயி மாரிச்சாமி இங்க தூக்கிட்டு வந்து வச்சிருக்காரு, நீங்க வேல பாக்குற பெட்டி இன்னும் கட்டிங் ரூம்ல மாலையோடல்லா இருக்கு?"