நான் வைத்த ‘போயிட்டு வரேன்’ பட்டன்

மனிதர்கள் எப்படி ஒன்றுசேர்ந்து வேலை செய்கிறார்கள் என்று ஆராய ஓர் ஆளை அனுப்பினால், அந்த ஆளைத் தவிர மற்ற எல்லோரும் ஒன்றுசேர்ந்து வேலை செய்வார்கள். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கும்போது, விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், அப்பாவை வைத்துக்கொண்டு, பெங்களூரே பார்த்துக்கொண்டிருக்க இதைக் கண்டுபிடித்தேன்.

அப்போது பெங்களூரில் ஒரு மென்பொருள் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் எனக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்திருந்தது. ஒரே இடத்தில் வேலை செய்கிறவர்கள் சேதி சொல்லிக்கொள்ள ஒரு ஆப் செய்திருந்தார்கள். யார் வந்திருக்கிறார், எந்த வேலை முடிந்தது என்பதெல்லாம் குழுவில் உள்ள எல்லோருக்கும் போனில் தெரியும். அதை ஜனங்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. அப்பா இதைத் தெருவில் சுருக்கமாக விளக்கியிருந்தார்.

“ஆளுங்க எப்புடி ஒத்துமையா இருக்கறதுன்னு பாப்பா கம்ப்யூட்டர்ல கண்டுபுடிக்குது.”

“அப்ப மொதல்ல எங்க வூட்டுக்கு அனுப்பு” என்றாராம் எதிர்வீட்டுக்காரர்.

இன்டர்ன்களில் ஒரே ஒருவரைத்தான் வேலைக்கு எடுப்பார்கள் என்று பேச்சு. மற்றவர்கள் எல்லோரும் பெயர் சொன்னாலே ஆட்கள் எழுந்து நிற்கிற கல்லூரிக்காரர்கள். என் கல்லூரியின் பெயரைச் சொன்னால் “எங்கே இருக்கிறது?” என்று கேட்பார்கள். (எங்கள் கல்லூரி பஸ்ஸின் புது டிரைவரே கேட்டார்.) அதனால், ஆப்பை எங்கே சோதித்துப் பார்க்கலாம் என்று டீம் லீடர் மீரா மேடம் கேட்டதும் பாய்ந்து கையைத் தூக்கினேன். “எங்கள் ஊரில், மேடம். அப்பா வேலை செய்கிற கம்பெனியில். உங்கள் வீட்டு மீட்டர் பெட்டிக்குள் வெள்ளையாக ஒரு பீங்கான் பியூஸ் கேரியர் இருக்குமே, அது எங்கள் ஊர்ச் சூளையில் சுட்டதாகத்தான் இருக்கும்” என்றேன். மேடம் தன் வீட்டு மீட்டர் பெட்டியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் சம்மதித்தார்.

ஆப்பைத் தமிழாக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. அதாவது, நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். குழுவை விட்டு நிரந்தரமாக விலகுவதற்கு ஒரு பட்டன் இருந்தது. அதில் ‘வெளியேறு’ என்று ஏற்கெனவே யாரோ எழுதி வைத்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பால் குடிக்க வந்த பூனையைக்கூட எங்கள் வீட்டில் அப்படிச் சொல்ல மாட்டோம். தெருமுனைக்குத் தீப்பெட்டி வாங்கப் போனாலும் ‘போறேன்’ என்று வாயில் வரக்கூடாது, வந்தால் அம்மா திரும்பக் கூப்பிட்டுத் திருத்திச் சொல்ல வைப்பாள். எனவே பட்டனில் ‘போயிட்டு வரேன்’ என்று எழுதினேன். அழுத்தியதும் ‘சரிங்களா?’ என்று கேட்கும், ‘சரிங்க’ என்று பதில் சொல்லலாம்.

“விலகுவது என்றுதானே இதற்கு அர்த்தம்?” என்று தமிழ் தெரியாத மீரா மேடம் கேட்டார்.

“ஆமாம் மேடம், அதையே மரியாதையாகச் சொல்வது.”

“அழகாக இருக்கிறது” என்றார். அன்றைக்கு முழுவதும் என் கால் தரையில் படவில்லை.

ஊருக்கு வந்து எல்லோருடைய போனிலும் ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன். சூளைக்குப் பொறுப்பு அப்பா. காய்ந்த சரக்கைப் பளபளப்புக் கரைசலில் முக்கி எடுப்பது செல்வி அக்கா. அதைச் சூளைக்குச் சுமந்து போவது ராமலிங்கம் அண்ணன். அக்கா முதல் வேலையாக ரோஜாப்பூப் படத்தில் காலை வணக்கம் அனுப்பினார். பிறகு சரக்கு முக்கியாயிற்று, காய்கிறது, சூளைக்குப் போகலாம் என்று சேதிகள் மளமளவென வந்தன. சாயந்தரம் ‘முழு வெற்றி’ என்று மேடத்துக்கு எழுதிவிட்டு, வேலை கிடைத்தவளைப் போல இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை கம்பெனிக் கொட்டகையிலிருந்தே வீடியோவில் என் ஆராய்ச்சியைக் காட்ட வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்கிற பெரிய சாரும் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு குழுவைத் திறந்தேன். அதில் ஒரே ஒரு ஆள் இருந்தாள். அது நான்.

கீழே வரிசையாக ஆங்கிலத்தில் பதிவாகியிருந்தது. ராமலிங்கம் விலகிவிட்டார். செல்வி விலகிவிட்டார். கடைசியில், என்னைப் பெற்ற அப்பாவும் விலகிவிட்டார்.

“ஸ்டிரைக்கா?” என்றார் பெரிய சார்.

லேப்டாப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். “அக்கா, ஏங்க்கா குரூப்ப வுட்டுப் போனீங்க?”

“நான் எங்கடி போனேன்? தோ நிக்கிறேனே!” என்றார் செல்வி அக்கா, கையில் வெள்ளைக் கரைசல் சொட்டச் சொட்ட. “வூட்டுக்குப் போறப்ப சொல்லிட்டுப் போனேன். அதுவும் சரிங்களான்னு மரியாதயா கேட்டுது. சரிங்கன்னேன்.”

“நான் டீக்குப் போறப்பவே சொல்லிட்டேன்” என்றார் ராமலிங்கம் அண்ணன் பெருமையாக.

லேப்டாப்புக்குத் திரும்ப ஓடி வந்தேன். எல்லோரையும் அவசர அவசரமாக மறுபடி குழுவில் சேர்த்தேன். பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறின. “இதோ மேடம், எல்லோரும் வந்துவிட்டார்கள்” என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, டீக்காரர் சைக்கிள் மணி அடித்தது. எல்லோரும் போனை எடுத்தார்கள். பெங்களூர் பார்த்துக்கொண்டிருக்கவே, எங்கள் ஊர் ஜனங்கள் ஒருவர் பாக்கியில்லாமல் மரியாதையாக விலகினார்கள்.

“ஐயோ! யாரும் போயிட்டு வரேன்னு சொல்லாதீங்க! போறேன்னு சொல்லுங்க போதும்!” என்று கத்திவிட்டேன்.

டீக்குக் கிளம்பியவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பக்கத்தில் சூளை எரிந்துகொண்டிருந்தது.

“நெருப்பு எரியற எடத்துல என்னா பேச்சு பாப்பா இது?” என்றார் செல்வி அக்கா. அப்பா என் சார்பில் சூளையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அதையும் கேமரா காட்டியது.

பெரிய சார் சிரித்தார். “அந்த ஊர் ஆட்களுக்குப் பட்டன் புரியவில்லை. வேறு நல்ல இடமாகப் பார்க்கலாமே” என்றார்.

வேலை எப்படியும் போய்விட்டது என்று தெரிந்ததும் எனக்குப் பயமும் போய்விட்டது. வந்ததெல்லாம் கோபம்தான். “அவர்களுக்குப் பட்டன் நன்றாகப் புரிந்தது சார். அதில் எழுதியிருந்ததைத்தான் செய்தார்கள். போய்விட்டு வருகிறேன் என்றார்கள், வந்தும் விட்டார்கள். பொய் சொன்னது பட்டன்தான். அதை எழுதியது நான். எங்கள் ஊரில் சொல்லிக்கொண்டு போகிறவர் திரும்பி வருவார். உங்கள் ஆப்பில் ஒன்று உள்ளே இருக்கலாம், இல்லையென்றால் ஒரேயடியாகப் போய்விடலாம். போய்விட்டு வருகிறவர்களுக்கு அதில் இடமே இல்லை” என்று பொரிந்து தள்ளினேன். பாதி ஆங்கிலம், பாதி விருத்தாசலம்.

மீரா மேடம் பேனாவை எடுத்துக்கொண்டார். பிறகு கேட்டார். “சரி, அதை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும்?”

“ஆள் குழுவிலேயே இருக்க வேண்டும் மேடம். பேருக்குக் கீழே, போயிருக்கிறார், வருவார் என்று காட்ட வேண்டும்.”

அப்படியே செய்தார்கள். மற்ற மொழிக்காரர்களும் தங்கள் வீட்டில் கிளம்பும்போது சொல்கிற வார்த்தையையே அந்தப் பட்டனில் போட்டுக்கொண்டார்கள். ஆராய்ச்சிக் கட்டுரையில் என் பெயரும் வந்தது, ஊர்ப் பெயரும் வந்தது. அந்த ஒரே ஒரு வேலையும் எனக்குத்தான் கிடைத்தது. சொல்லிக்கொள்ள வெட்கமில்லை, எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

வேலையில் சேரப் பெங்களூர் கிளம்பிய அன்று, பஸ் ஏறும்போது நானும் அந்தப் பட்டனை அழுத்தினேன். அதிலிருந்து அப்பா கம்பெனிக் குழுவில் என் பெயருக்குக் கீழே ‘போயிருக்கிறார், வருவார்’ என்று நிற்கிறது. லீவு கிடைக்காமல் தள்ளித் தள்ளிப் போகும்போதெல்லாம், “என்னாடி, போனது தெரியுது, வர்றது எப்ப?” என்று செல்வி அக்கா எல்லோரும் பார்க்கக் கேட்பார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது வரத் தாமதமானால் அம்மா உட்பட எல்லோரும் கேட்பது அதையேதான்.

போன மாதம் அப்பாவின் முதலாளி குழுவைச் சுத்தம் செய்யக் கிளம்பி, வேலையில் இல்லாதவர்களை எல்லாம் எடுத்துவிடச் சொன்னாராம். என் பெயர் வந்ததும் அப்பா தடுத்துவிட்டார்.

“அது சொல்லிட்டுப் போயிருக்குது. எடுக்கக் கூடாது.”

“அப்ப தெனமும் அதுக்கும் சேத்து டீ ஊத்தச் சொல்லட்டுமா?” என்று கேட்டிருக்கிறார் செல்வி அக்கா.

“ஊத்தச் சொல்லு” என்றாராம் அப்பா. “வர்ற வரைக்கும் நான் குடிக்கிறேன்.”