சட்டம் மிஸ்ஸும் அசையாத பொருளும்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே எத்தனையோ ஆசிரியர்கள் எத்தனையோ வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு வீட்டுப்பாடத்தால் ஓர் ஊரின் நிம்மதியையே இரண்டு மாதம் கெடுத்தவர் சட்டம் மிஸ் ஒருவர்தான். நானும் இருபது வருஷமாகக் கணக்கு வீட்டுப்பாடம் கொடுத்துவருகிறேன். அதனால் நிம்மதி இழந்தவன் அதைத் திருத்துகிற நான் மட்டுமே.

எங்கள் உயர்நிலைப் பள்ளி கூட்டேரிப்பட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே ஓவிய ஆசிரியராக வந்து சேர்ந்தபோதே மிஸ்ஸுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கண்டமங்கலம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். தோளில் அரை மூட்டை அரிசி கொள்ளும் அளவுக்கு ஒரு துணிப்பை. முதல் நாளே தலைமையாசிரியர் தன் எதிர்பார்ப்பைச் சொல்லிவிட்டார்.

"தாமரை, மாம்பழம், ரெண்டு மலைக்கு நடுவுல சூரியன். இது மூணும் வந்தாப் போதும் டீச்சர். பசங்கள ரொம்ப பேஜாரு பண்ணாதீங்க."

"மொதல்ல பாக்கக் கத்துக்கட்டும் சார். வரையறது அப்புறம்," என்றார் அவர்.

தலைமையாசிரியர் கவலையோடு என் பக்கம் திரும்பினார். "பசங்களுக்குக் கண்ணெல்லாம் நல்லாத்தானே இருக்குது?" கண் பரிசோதனை முகாம் போன மாதம்தான் நடந்து முடிந்திருந்தது.

மறுநாள் ஒன்பதாம் வகுப்பு முழுவதும் பழைய கல்யாணப் பத்திரிகையோடு வந்தது. அட்டையின் நடுவே தீப்பெட்டி அளவுக்கு ஓட்டை வெட்டினால் அதுதான் சட்டம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் அந்தச் சட்டத்துக்குள் பார்க்க வேண்டும். பிடித்த காட்சி சிக்கியதும் வாயாலேயே 'க்ளிக்' என்று சொல்லிவிட்டு, பார்த்ததை நோட்டில் வரைய வேண்டும். கேமரா இல்லாத பள்ளியில் போட்டோ எடுக்கக் கற்றுக்கொடுக்கும் முறை இது. ஒரே வாரத்தில் பள்ளியே ஒற்றைக் கண்ணோடு திரிந்தது. நான் கரும்பலகையில் தேற்றத்தை எழுதிவிட்டுத் திரும்பினால் நாற்பது 'க்ளிக்'. என்னைக் குறிபார்த்த ஓர் அட்டையில் 'சுற்றமும் நட்பும் சூழ வருக' என்று தங்க எழுத்து மின்னியது.

அன்றிலிருந்து அவர் சட்டம் மிஸ். நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

பெயரால் ஒரு குழப்பமும் வந்தது. பள்ளிக்கூடத்தில் சட்டம் தெரிந்த டீச்சர் இருக்கிறாராம் என்று கேள்விப்பட்டு, ஒருவர் பட்டா, பத்திரம், கோர்ட்டு நோட்டீஸ் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மிஸ் அவரை உட்காரவைத்து முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்து, "இதுக்குள்ள ஒருவாட்டி உங்க நெலத்தப் பாருங்க ஐயா. எவ்ளோ அழகாத் தெரியும்," என்றார்.

வந்தவர் அட்டையை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "இத எந்த ஆபீசுல குடுக்கணும்ங்க?" என்று கேட்டார்.

அட்டையில் தேறியவர்கள் அடுத்த கட்டமாகப் போனுக்குப் போனார்கள். பள்ளிக்குள் போன் கூடாது. ஆகவே வீட்டில் அப்பா அம்மா போனில் படம் எடுத்து மிஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும். முதல் வேலை, தரையோடு தரையாக இருந்து உலகத்தைப் பார்ப்பது. மூன்றாம் நாள் ஓர் அம்மா பதறிக்கொண்டு வந்தார்.

"டீச்சர், எம்பொண்ணு வாசல்ல குப்புறப் படுத்துக்கினு எழுந்திருக்கவே மாட்டேன்றா. ஒடம்புக்கு இன்னாவோனு பயந்துட்டேன். கேட்டா, கோழி கண்ணுக்கு நீ எப்படித் தெரியறேனு பாக்கறேன்றா."

"எப்படித் தெரியறீங்களாம்?" என்று மிஸ் ஆர்வமாகக் கேட்டார்.

"குண்டாத் தெரியறேனாம்," என்றார் அந்த அம்மா. அவர் வந்தது அந்த வருத்தத்தில்தான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இதற்கெல்லாம் ஊர் ஒருவழியாகப் பழகிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுப்பாடம் வந்தது.

"அசையாத பொருள் ஒண்ண எடுத்துக்குங்க. தெனம் அதே எடத்துல நின்னு, அதே நேரத்துல ஒரு படம். முப்பது நாள். பொருள் மாறாது, வெளிச்சம் மாறும். அதப் பாருங்க. போன் கெடைக்காதவங்க வரையலாம்."

ஒருவன் தன் வீட்டு எருமையை எடுத்தான். "எருமை அசையுமேடா?" என்று மிஸ் கேட்டதற்கு, "எங்க எருமை அசையாது மிஸ்," என்றான். முப்பது படத்தையும் பார்த்தோம். அசையவில்லை. இன்னொருவன் முப்பது நாளும் என் முகத்தை வரைந்திருந்தான். "இது பொருளாடா?" என்று நான் கேட்டேன். "அசையலியே சார்," என்றான். மிஸ் அவனுக்கு முழு மதிப்பெண் போட்டார்.

இரண்டாவது பெஞ்சில் சங்கீதா என்று ஒரு பெண் இருந்தாள். கேட்டால் ஒழியப் பேசமாட்டாள். அவள் எடுத்தது தன் அப்பாவின் நிலத்து ஓரத்தில் நட்டிருந்த எல்லைக்கல். பின்னால் ஒற்றைப் பனைமரம். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கி முடிந்து நிலம் வெறுமனே கிடந்த மாதம் அது. அசையாத பொருள் என்றால் ஓர் எல்லைக்கல்லைவிடப் பொருத்தமானது வேறென்ன இருக்க முடியும்?

மாதக் கடைசியில் பள்ளி வராந்தாவில் கண்காட்சி. திண்டிவனத்து ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்த படங்களைக் கொடிக்கயிறு கட்டி, துணி மாட்டுகிற கிளிப்பில் தொங்கவிட்டிருந்தார் மிஸ். பெற்றோர்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். எருமைக்கு முன்னால்தான் அதிகக் கூட்டம். நான் என் முகங்களைத் தவிர்த்துவிட்டுக் கல்லின் பக்கம் ஒதுங்கினேன்.

முதல் படத்தில் கல் பனைமரத்துக்கு இடப்பக்கம் இருந்தது. பதினைந்தாவது படத்தில் மரத்துக்கு நேர் முன்னால். முப்பதாவது படத்தில் வலப்பக்கம். எனக்குக் கலையில் ஒன்றும் தெரியாது என்று மிஸ் நினைத்துக்கொண்டிருக்கிறாரே என்ற குறை எனக்கு வெகுநாளாக உண்டு. சட்டைப்பையிலிருந்து அடிக்கோலை எடுத்துப் படத்தின் மேல் வைத்தேன்.

"டீச்சர், இங்க பாருங்க! இந்தக் கல்லு நகர்ந்துக்கினே போவுது! மரத்த வெச்சிக் கணக்குப் போட்டா முப்பது நாள்ல நாலடி வருது!"

மிஸ் வேகமாக வந்து என் தோளைத் தட்டினார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

"எந்தப் பக்கமா சார் நகருது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"வலது பக்கமாங்க," என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"அது எம்பக்கம்," என்றது குரல்.

சங்கீதாவின் பெரியப்பா ஏழுமலை. அவரும் சங்கீதாவின் அப்பா தனசேகரும் இரண்டு வருஷம் முன்பு நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்டவர்கள். இரண்டு பங்குக்கும் நடுவில் வரப்பு கிடையாது. அந்தக் கல்தான் வரப்பு. ஏழுமலை ஒவ்வொரு படத்திலும் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே முப்பதாவது வரை போனார். பிறகு சங்கீதாவைக் கூப்பிட்டார்.

"நீயாம்மா எடுத்தே?"

"ஆமாம் பெரியப்பா."

"நின்ன எடம் மாறலியே?"

"மோட்டார் கொட்டாய் படியிலதான் தெனம் நின்னேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் அண்ணன் தம்பி வீடுகளில் நடந்ததைப் பக்கத்து ஊர்க்காரர்கள்கூடத் தெளிவாகக் கேட்டார்களாம்.

மறுநாள் காலை பிரார்த்தனை முடிவதற்குள் தனசேகர் வந்துவிட்டார். பின்னால் சங்கீதா, அழுது வீங்கிய முகத்தோடு.

"போட்டோ புடிக்கச் சொல்லிக் குடுத்து எங்குடும்பத்தையே சந்தியில நிறுத்திட்டீங்க டீச்சர். எம்பொண்ணு படிச்சது போதும். டிசியக் குடுங்க, ஜல்தியா."

தலைமையாசிரியருக்கு வியர்த்துவிட்டது. மிஸ்ஸைத் தனியாக அழைத்து, "டீச்சர், பாப்பா தெனம் எடம் மாறி மாறி நின்னுடுச்சி, அதனாலதான் கல்லு நகர்ந்த மாதிரி தெரியுதுனு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. எல்லாம் அடங்கிடும்," என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. அடிக்கோலோடு நின்றவன் நான் அல்லவா.

மிஸ் நேராகச் சங்கீதாவிடம் போனார். "அப்படி எழுதட்டுமாம்மா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "நான் எடம் மாறி நிக்கல மிஸ்."

மிஸ் தனசேகருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"உங்க பொண்ணு சரியாத்தான் எடுத்திருக்கா. நான்தான் தப்பு பண்ணிட்டேன்ங்க."

தலைமையாசிரியர் பெருமூச்சு விட்டார்.

"முப்பது நாள் பத்தாது. அறுபதுனு சொல்லியிருக்கணும். பாதியிலயே படத்த மாட்டிட்டேன். பாதியப் பாத்தா எதுவும் தப்பாத்தான தெரியும்? அவ இன்னும் முப்பது நாள் எடுக்கட்டும். டிசி எங்க போவப்போவுது, அப்புறம் வாங்கிக்கலாம்."

தனசேகருக்கு வரவழைத்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"போன கல்லு திரும்பி வருமா டீச்சர்?"

"போவத் தெரிஞ்ச கல்லுக்கு வரத் தெரியாதுங்களா?"

ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு அவர் எழுந்தார். மகளைப் பார்த்து, "கிளாசுக்குப் போ," என்று மட்டும் சொன்னார்.

ஏழுமலை அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை. சர்வேயருக்கு எழுதிப்போட்டுவிட்டதாக மிஸ்ஸிடமே வந்து அறிவித்தார்.

"நல்லதுங்க. அவர் வர எவ்ளோ நாளாவும்?"

"மூணு மாசம் ஆவும்ன்றாங்க."

"நாங்க ஒரே மாசத்துல முடிச்சித் தர்றோம்," என்றார் மிஸ், ஒன்பதாம் வகுப்பின் சார்பில்.

மறுநாளிலிருந்து வராந்தாவில் தினம் ஒரு படம் தொங்கியது. ஏழுமலை தினமும் டீக்கடைக்குப் போகிற வழியில், பேப்பர் படிப்பது போல வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார். முதல் ஐந்து நாள் கல் அசையவில்லை. ஆறாம் நாள் ஒரு விரல்கடை. பிறகு தினம் கொஞ்சம் கொஞ்சமாக, யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தோடு, ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் கல் வந்த வழியே திரும்பிப் போனது. நான் அடிக்கோலை எடுக்கவே இல்லை. மிஸ் அதை வாங்கி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டியிருந்தார்.

இருபத்தாறாம் நாள் கல் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. இருபத்தேழாம் நாள் அதையும் தாண்டிவிட்டது. தனசேகரின் சொந்தப் பங்குக்குள்ளேயே ஒரு சாண் உள்ளே போய் நின்றது.

ஏழுமலை அந்தப் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். "இன்னா சார் இது, அவன் எடத்தையே வுட்டுட்டு உள்ள போய்க்கினு இருக்கான்?" என்று என்னிடம் கேட்டார். அவர் குரலில் கோபம் இருந்தது. முன்பு இருந்த கோபம் அல்ல.

இருபத்தெட்டாம் நாள் அவர் படம் பார்க்க வரவில்லை. படத்தில் கல் ஒரு சாண் திரும்பி, சரியாகத் தன் இடத்தில் இருந்தது. டீக்கடையில் அன்று அவரைப் பார்த்தேன். கிளாசைப் பிடித்திருந்த விரல்களின் நகக்கண்ணில் ஈர மண்.

இருபத்தொன்பது, முப்பது. கல் அசையவில்லை. வெளிச்சம் மட்டும் மாறியிருந்தது.

அண்ணனும் தம்பியும் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாக ஊரில் தகவல் இல்லை. அடுத்த வாரம் ஒரே டிராக்டர் இரண்டு பங்கையும் சேர்த்து உழுதது. சங்கீதா இப்போது திண்டிவனத்தில் பிளஸ் ஒன் படிக்கிறாள்.

எல்லாம் ஓய்ந்த பிறகு ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது மிஸ்ஸிடம் கேட்டேன். "கல்லு நகருதுனு படத்த மாட்டறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"எட்டாவது நாளே அந்தப் பொண்ணு வந்து சொல்லிட்டா சார். மிஸ், இது அசையுது, வேற பொருள் எடுத்துக்கட்டுமானு கேட்டா."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இதையே எடு, நிக்குதா பாப்போம்னேன். நிக்கறதுக்குக் கொஞ்சம் லேட்டாயிடுச்சி. நடுவுல நீங்க வேற அளந்துட்டீங்க."

இந்தக் கல்வியாண்டில் அவருக்கு வல்லம் பக்கம் ஒரு பள்ளிக்கு மாறுதல் வந்துவிட்டது. ஊரில் யாரும் இப்போது தரையில் படுப்பதில்லை. தலைமையாசிரியருக்கு வியர்ப்பதில்லை. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

எனக்கு வல்லத்தில் சொந்தக்காரர்கள் கிடையாது. நிலம் கிடையாது. வேலை என்று சொல்லிக்கொள்ளவும் ஒன்றும் கிடையாது. இந்த ஆறு மாதத்தில் நான்கு முறை போய்வந்துவிட்டேன்.